மேப்ல காலியா இருந்தா அங்க ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் பிப்ரவரி 2 உலக ஈரநில நாள் வந்தா பேப்பர்கள்ல ஒரு கட்டுரை வரும், ஒரு அழகான பறவை போட்டோ வரும், கூடவே உலகத்துல இத்தனை சதவீதம் ஈரநிலம், அதாவது ஏரி, குளம், சதுப்பு மாதிரி இடம், அழிஞ்சு போச்சுன்னு ஒரு நம்பரும் வரும். போட்டோ மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல. அந்த நம்பர் பத்திதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், வெட்டணும்னா வெட்டிக்கோங்க, ஆனா நடுவுல இருக்கற கணக்கை மட்டும் விட்டுடாதீங்க.

ஒரு இடத்துல 1700-லேர்ந்து 87 சதவீதம் போச்சுன்னு போட்டிருக்கும். இன்னொரு இடத்துல 1970-க்கும் 2015-க்கும் நடுவுல மட்டும் 35 சதவீதம்னு இருக்கும், அது ஈரநிலங்களைக் காப்பாத்த 1971-ல நாடுகள் போட்ட ராம்சார் ஒப்பந்தத்தோட அமைப்பு 2018-ல வெளியிட்ட உலக ஈரநில அறிக்கை. அதே அமைப்போட 2025 அறிக்கையை எடுத்தா 1970-லேர்ந்து 22 சதவீதம்ங்குது. 2023-ல நேச்சர் இதழ்ல வந்த ஒரு ஆய்வு 1700-லேர்ந்து பாத்தாலே 21 சதவீதம்தான், அதாவது 34 லட்சம் சதுர கிலோமீட்டர்னு சொல்லுது. 87 எங்க, 21 எங்க! ரெண்டு மூணு பாயிண்ட் முன்னப் பின்ன இருந்தா விட்டுடலாம், இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். படிக்கிறவர் என்ன நினைப்பார், இவங்களுக்கே ஒண்ணும் தெரியல போலன்னு பக்கத்தைத் திருப்பிட்டு கிரிக்கெட்டுக்குப் போயிடுவார்.

இதுல யாரும் பொய் சொல்லல. 87-ங்கறது 2014-ல வந்த ஒரு ஆய்வோட நம்பர், அதுக்கு முன்னாடி அங்கங்க எழுதி வச்சிருந்த 189 அறிக்கைகளைத் தேடிப் பிடிச்சு ஒண்ணா சேத்துப் பாத்தாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, ஈரநிலம் குறைஞ்சிருக்குன்னு ஒருத்தர் உக்காந்து அறிக்கை எழுதறார்னா அது பெரும்பாலும் ஏற்கனவே நிறைய போன இடமாத்தான் இருக்கும், ஒண்ணும் ஆகாம அப்படியே கிடக்கற இடத்தைப் பத்தி யாரு மெனக்கெட்டு எழுதப் போறா. 2023 ஆய்வு வேற ரூட்ல போச்சு. 154 நாடுகள்ல வடிகால் வெட்டினது, நிலத்தை மாத்தினதுன்னு கிடைச்ச பதிவுகள், பழைய நிலப் பயன்பாட்டு மேப் எல்லாத்தையும் கம்ப்யூட்டர் மாடலோட சேத்து மூணு நூற்றாண்டு பின்னாடி ஓட்டிப் பாத்தாங்க, அதுவும் உள்நாட்டு ஈரநிலம் மட்டும், கடலோரத்தைச் சேக்கல. இழப்பு ஐரோப்பா, அமெரிக்கா, சீனா பக்கம் குவிஞ்சு கிடக்குன்னு தெரிஞ்சுது. அதனால 21-ன்னு கேட்டுட்டு அப்பாடான்னு உக்காரவும் முடியாது, ஒரு பக்கம் வழிச்சுத் துடைச்சுப் போனதை இன்னொரு பக்கம் மிச்சம் இருக்கறது மறைச்சிடும், உலக சராசரின்னாலே அப்படித்தான்.

எங்க எது இருந்துச்சுன்னு ஒழுங்கான லிஸ்ட் இல்லாம எவ்வளவு போச்சுன்னு கணக்கு போட்டா இப்படித்தான் வந்து நிக்கும். 1999-ல ராம்சார் அமைப்புக்காக ஒரு உலகளாவிய பரிசீலனை பண்ணாங்க, 206 நாடுகள், ஆட்சிப் பகுதிகளைப் பாத்ததுல 7 சதவீத இடத்துலதான் உருப்படியான தேசிய கணக்கெடுப்பு இருந்துச்சு, கிட்டத்தட்ட கால்வாசி இடத்துல தேசிய அளவுல கணக்கெடுப்பே கிடையாது. ஒப்பந்தம் போட்டு 28 வருஷம் கழிச்சு இந்த நிலைமை. இப்ப எவ்வளவோ முன்னேறியாச்சு, சாட்டிலைட் படம் இலவசமா கிடைக்குது, ஆனா அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கு, அதைத்தான் சொல்ல வரேன்.

லிஸ்ட்ல இல்லாத ஈரநிலம் ஓட்டர் லிஸ்ட்ல பேர் விட்டுப்போன ஆள் மாதிரி. எதிர்ல நிக்கறார், எல்லாருக்கும் தெரிஞ்சவர், ஆனா கணக்குல இல்ல. ரோடு அலைன்மென்ட் வரையறவங்க, மனை அப்ரூவல் குடுக்கறவங்க, தொழிற்பேட்டைக்கு இடம் தேடறவங்க எல்லாரும் ஆபீஸ்ல உக்காந்து முதல்ல ஒரு மேப்பைத்தான் திறக்கறாங்க. அதுல நீலம் இல்லையா, சரி, காலி நிலம், மேல போ. ஆனா அந்தக் காலிக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, போய்ப் பாத்தோம், அங்க ஈரநிலம் இல்ல. இன்னொண்ணு, யாரும் போகவே இல்ல, படத்துலயும் தெரியல. மேப்ல ரெண்டும் ஒரே வெள்ளை. எல்லா ஈரநில மேப்பும் தான் பாக்காதது எதுன்னும் சேத்துச் சொல்லணும்ங்கறதுதான் என் கோரிக்கை.

இந்த வெள்ளை எப்படி உருவாகுதுன்னு ஒரு உதாரணத்தோட பாக்கலாம். இந்தியாவோட தேசிய ஈரநில அட்லஸ், இஸ்ரோவோட அகமதாபாத் மையம் 2006-07 சாட்டிலைட் படங்களை வச்சுத் தயார் பண்ணி 2011-ல வந்தது. நல்ல வேலை, குறை சொல்லறதுக்காக எடுக்கல. அதோட ஸ்கேல் 1:50,000. அந்த ஸ்கேல்ல 3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் கட்டம்னா தரையில 150 மீட்டருக்கு 150 மீட்டர், அதாவது 2.25 ஹெக்டேர், அதை விட சின்னதுக்கு எல்லைக்கோடு போட்டா மேப்ல வெறும் மை அப்பின மாதிரிதான் இருக்கும். அதனால 2.25 ஹெக்டேருக்கு மேல இருந்த 2,01,503 ஈரநிலத்துக்கு மட்டும் எல்லை போட்டாங்க. அதுக்குக் கீழ இருந்த 5,55,557-க்கும் வெறும் புள்ளி. புள்ளிக்கு ஏது எல்லை, எல்லையே இல்லாததுக்குள்ள ஒருத்தர் மண் அடிச்சுட்டார்னு எந்த அடிப்படைல நிரூபிக்கறது? 2017-ல உச்ச நீதிமன்றம் பாதுகாக்கச் சொன்னது அந்த 2,01,503-ஐத்தான். அட்லஸைப் புதுப்பிச்சப்புறம் அது 2,31,195 ஆச்சு, 2024 டிசம்பர்ல அதையெல்லாம் தரையில போய் சரிபாத்து எல்லை குறிக்கணும்னு கோர்ட் சொல்லுச்சு. அப்பவும் கணக்கு 2.25-க்கு மேலதான். ஒரு மேப்போட அச்சு வசதிக்காக வச்ச அளவு, மெல்ல மெல்ல சட்டத்தோட கண்ணுல எது ஈரநிலம் எது இல்லைங்கற கோடாவே மாறிடுச்சு பாருங்க. வரைஞ்சவங்க இப்படி ஆகும்னு நினைச்சிருக்கவே மாட்டாங்க.

சரி, இதே நாட்டுல 2023-ல வெளியான முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு என்ன சொல்லுது தெரியுமா, 24,24,540 நீர்நிலை. ரெண்டு லட்சமா, ஏழரை லட்சமா, 24 லட்சமா? எல்லாமே சரிதான், ஏன்னா கேட்ட கேள்வி வேற வேற. ஒண்ணு சாட்டிலைட் படத்துல பெரிசா தெரிஞ்சதை எண்ணுச்சு, இன்னொண்ணு ஆளை அனுப்பி குளம், குட்டை, ஏரின்னு ஒவ்வொண்ணா எண்ணுச்சு. ராம்சார் ஒப்பந்தத்தோட அளவுகோல் இதை எல்லாத்தையும் விட தாராளம், இயற்கையோ செயற்கையோ, வருஷம் பூராவோ கொஞ்ச நாளோ, நின்ன தண்ணியோ ஓடற தண்ணியோ, நல்ல தண்ணியோ உப்புத் தண்ணியோ, கடல்னா வத்தம் இருக்கறப்ப, அதாவது தண்ணி உள்வாங்கின நேரத்துல, 6 மீட்டர் ஆழம் வரைக்கும், எல்லாம் உள்ள வரும், நெல் வயல், உப்பளம், பவளப்பாறை உட்பட 42 வகை. ஆனா இந்தியாவோட 2017 ஈரநில விதிகள் ஆறு ஓடற தடம், நெல் வயல், குடிதண்ணிக்கும் பாசனத்துக்கும்னே வெட்டினது, உப்பளம், மீன் பண்ணை இதை எல்லாம் வெளிய வச்சிடுது. இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்ல, எந்த நாட்டு லிஸ்ட்டை எடுத்தாலும் முதல் பக்கத்துல எதை எண்ணல, எவ்வளவு சின்னதை விட்டோம்னு எழுதலைன்னா அந்த மொத்த எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பும் இல்ல.

அளவை விட பெரிய தலைவலி காலம். ஈரநிலம் ஒரே மாதிரி உக்காந்திருக்கற பொருள் இல்ல. போட்ஸ்வானால ஒகவாங்கோ டெல்டான்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தண்ணி வர்றது அங்கோலா மேட்டுல பெய்யற மழையில, அது மெதுவா ஊர்ந்து ஊர்ந்து டெல்டாவுக்கு வந்து சேர மாசக்கணக்காகும், வெள்ளம் உச்சத்துல இருக்கறது ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும், அப்ப அந்த ஊர்ல மழையே கிடையாது. மழை சீசன்ல எடுத்த படம்தான் நல்லதுன்னு ஒரு பொது விதியை வச்சுக்கிட்டு அங்க போனா உச்ச வெள்ளத்தைக் கோட்டை விட்டிருப்போம். அயர்லாந்துல சுண்ணாம்புப் பாறைப் பகுதியில டர்லாக்னு சொல்ற ஏரிகள், குளிர்காலத்துல அடியிலேர்ந்து நிலத்தடி நீர் பொங்கி ஏரியாயிடும், கோடையில அதே இடத்துல மாடு மேயும். ஜூலை மாசப் படத்தை வச்சு அதை மேய்ச்சல் நிலம்னு குறிச்சா தப்பா? அந்த நாளுக்குத் தப்பில்ல. அங்க ஏரியே இல்லைன்னு சொன்னாத்தான் தப்பு. அதனால எந்த மேப்லயும் படம் எடுத்த தேதி இருந்தே ஆகணும், ஒரே ஒரு தேதி மட்டும் இருந்தா அதையும் பெரிசா போடணும்.

இதை ஓரளவு சரி பண்ண வழி இருக்கு. ஐரோப்பிய ஆணையத்தோட ஆராய்ச்சி மையம் 1984-லேர்ந்து 2015 வரைக்கும் அமெரிக்காவோட லேண்ட்சாட் சாட்டிலைட்கள் எடுத்த சுமார் 30 லட்சம் படங்களை அடுக்கி, 30 மீட்டர் பிக்சல், அதாவது படத்தோட சின்னக் கட்டம், ஒவ்வொண்ணுலயும் எத்தனை தடவை தண்ணி தெரிஞ்சுதுன்னு எண்ணி 2016-ல வெளியிட்டாங்க. ஒரு நாள் தண்ணி, ஒரு சீசன் தண்ணி, நிரந்தரத் தண்ணி எல்லாம் அதுல பிரிஞ்சு தெரியும். லேண்ட்சாட் படங்களை 2008-ல இலவசமாக்கலைன்னா இப்படி ஒரு வேலையை யாரும் நினைச்சே பாத்திருக்க முடியாது. ஆனா அதுலயும் ஒரு விஷயம் பாருங்க. அந்த 32 வருஷத்துல சுமார் 90,000 சதுர கிலோமீட்டர் நிரந்தரத் தண்ணி மறைஞ்சிருக்கு, வேற இடங்கள்ல 1,84,000 சதுர கிலோமீட்டர் புதுசா வந்திருக்கு, புதுசுல பெரும்பங்கு அணை கட்டித் தேக்கினது. வெறும் கூட்டல் கழித்தல்ல பாத்தா லாபம்! ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடிச்ச நீர்த்தேக்கத்தையும் வத்திப்போன நாணல் சதுப்பையும் ஒரே கலர்ல அடிச்சு மொத்தம் போட்டா இப்படித்தான் நஷ்டம் லாபமாத் தெரியும். தண்ணி மேப் வேற, ஈரநில மேப் வேற. இதை ஒண்ணாக் குழப்பிக்காத அறிக்கை ரொம்பக் கம்மி.

ஏன்னா சாட்டிலைட்டுக்குத் தண்ணியைக் கண்டுபிடிக்கத் தெரியும், அதுவும் திறந்து கிடக்கற தண்ணியை. தண்ணி அகச்சிவப்பு ஒளியை விழுங்கிடும், செடி அதையே பளிச்சுன்னு திருப்பி அனுப்பும், இந்த வித்தியாசத்தை வச்சுத்தான் கணக்கே. இப்ப ஏரி மேல ஆகாயத்தாமரை மூடிக்கிச்சுன்னு வைங்க, படத்துல அது செடி. இன்னொரு பக்கம் மலை நிழலும் கறுப்புத் தார் ரோடும் சில சமயம் தண்ணி மாதிரியே தெரியும். மேகம் மூடிட்டா அந்தப் படமே வேஸ்ட், வெள்ளம் வர்ற காலத்துலதான் மேகமும் வருது. இதுக்குத்தான் ரேடார். அது மேகத்தைத் தாண்டிப் போகும், ராத்திரியிலும் வேலை செய்யும். அமைதியான தண்ணி மேல பட்டா சிதறி வேற பக்கம் போயிடும், அதனால தண்ணி கறுப்பாத் தெரியும். நீளமான அலைநீளம், எல் பேண்டுன்னு சொல்வாங்க, அது இலைகளுக்குள்ள புகுந்து கீழ நிக்கற தண்ணியிலயும் மரத்தண்டுலயும் மாறி மாறிப் பட்டு திரும்பி வரும், அதனால மரத்துக்கு அடியில தண்ணி நிக்கற காடு மட்டும் ரேடார் படத்துல பளபளன்னு தெரியும். 2025 ஜூலை 30-ல ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து போன நிசார் ரேடார் சாட்டிலைட், நாசாவும் இஸ்ரோவும் சேந்து பண்ணது, அதுல எல் பேண்டும் அதை விட அலைநீளம் கம்மியான எஸ் பேண்டும் இருக்கு, 12 நாளுக்கு ஒருக்கா அதே இடத்துக்குத் திரும்ப வரும். காட்டுக்குள்ள இருக்கற சதுப்பை மேப் பண்றவங்களுக்கு இது பெரிய வரம்.

இருந்தாலும் தரையில ஆள் இறங்காம முடியாது. தண்ணி வத்தின மாசத்துல ஒரு இடம் ஈரநிலமா இல்லையான்னு களத்துல எப்படிப் பாக்கறாங்கன்னு சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஆகர்னு ஒரு திருகுக் கம்பி, அதை மண்ணுல முறுக்கி இறக்கி ஒரு முழம் மண்ணை அப்படியே உடையாம எடுத்து தரையில நீட்டி வைப்பாங்க. நல்லா காத்தோட்டம் உள்ள மண்ணுன்னா பழுப்பு, செம்மண் கலர்ல இருக்கும், அந்தக் கலர் குடுக்கறது இரும்பு. வாரக்கணக்குல தண்ணியில மூழ்கிக் கிடந்த மண்ணுல ஆக்சிஜன் தீந்து போய் இரும்பு கரைஞ்சு நகந்துடும், மண்ணு சாம்பல் கலருக்கு வந்துடும். அந்தச் சாம்பலுக்குள்ள உத்துப் பாத்தா மெல்லிசு மெல்லிசா துருக் கலர்ல இழை ஓடும், அது நாணல் மாதிரி செடியோட வேர் போன தடம், வேர் வழியா கொஞ்சம் காத்து உள்ள போயிருக்கும்ல, அந்த ஓரத்துல மட்டும் இரும்பு திரும்பத் துருப்பிடிச்சிருக்கும். சில இடத்துல மண்ணைக் கிளறின உடனே அழுகின முட்டை நாத்தம் வரும். மேல சொட்டுத் தண்ணி இல்லைன்னாலும் இந்த மண்ணு பொய் சொல்லாது. அமெரிக்காவுல 1987-லேர்ந்து எல்லை குறிக்க இந்த மாதிரி மூணு சாட்சியைத்தான் பாக்கறாங்க, மண், அங்க வளர்ற செடி, தண்ணி நின்ன அடையாளம். எந்த சாட்டிலைட்டும் அந்தத் துரு இழையைப் பாக்க முடியாது.

ஆகாயமும் தரையும் சேந்து வேலை செஞ்சா என்ன கிடைக்கும்ங்கறதுக்கு காங்கோ ஒரு நல்ல சாட்சி. மத்திய ஆப்பிரிக்காவுல ரெண்டு காங்கோ நாடுகளுக்கும் நடுவுல இருக்கற சதுப்புக் காடு, அங்க காடு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், மரத்துக்கு அடியில என்ன இருக்குன்னு பெரிசா யாரும் தோண்டல. ஆராய்ச்சியாளர்கள் சாட்டிலைட் படத்தை வச்சு இடத்தைச் சுருக்கிக்கிட்டு சேத்துல இறங்கி நடந்து துளை போட்டுப் பாத்தப்ப அடியில பீட், அதாவது ஆயிரக்கணக்கான வருஷமா மக்காம சேந்த இலையும் கட்டையும், சில இடத்துல கிட்டத்தட்ட 6 மீட்டர் ஆழம். 2017-ல மேப் வந்துச்சு, 1,45,500 சதுர கிலோமீட்டர், 3,060 கோடி டன் கார்பன். 2022-ல இன்னும் நிறைய துளை போட்டுத் திருத்தி 1,67,600 சதுர கிலோமீட்டர்னு ஆக்கினாங்க. 2017-க்கு முந்தின எந்த உலகக் கணக்குலயும் அது இவ்வளவு பெரிசுன்னு இல்ல! 2022-ல ஜனநாயகக் காங்கோ அரசு எண்ணெய் பிளாக்குகளை ஏலத்துக்கு விட்டப்ப, அதுல சிலது இந்த பீட் மேல வருதுன்னு மேப் மேல மேப்பை வச்சுக் காட்ட முடிஞ்சுது. அஞ்சு ஆறு வருஷம் முன்னாடி இந்த ஏலம் வந்திருந்தா எதிர்க்கறவங்க கையில என்ன இருந்திருக்கும்? ஒண்ணும் இருந்திருக்காது.

மேப் போட்டதால நிஜமாவே ஏதாவது நடந்திருக்கான்னு கேப்பீங்க. நடந்திருக்கு. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவுல மஞ்சள் கடல், அதோட கரையில வத்தத்துல வெளிய தெரியற சேத்துத் திட்டுகள், சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவுல பறக்கற உள்ளான் வகைப் பறவைகள் இறங்கி இரை எடுக்கற இடம். அந்தத் திட்டுகளை மேப் பண்றதுல என்ன கஷ்டம்னா, சாட்டிலைட் வர்ற நேரத்துல ஓதமா (கடல் ஏறி இருக்கற நேரம்) வத்தமான்னு அதோட அதிர்ஷ்டம், ஒரு படத்துல திட்டு இருக்கும், அடுத்ததுல கடல்தான் இருக்கும். வத்தத்துல எடுத்த படங்களையும் ஓதத்துல எடுத்த படங்களையும் தனித்தனியாப் பொறுக்கி எடுத்து, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திட்டுன்னு எடுத்துக்கிட்டாங்க. 2014-ல வந்த முடிவு, 1980-கள்லேர்ந்து சுமார் மூணு பத்தாண்டுக்குள்ள 28 சதவீதம் போச்சு, பழைய மேப்போட ஒப்பிட்டா அம்பது வருஷத்துல 65 சதவீதம் வரைக்கும் போயிருக்கலாம்னு. அதுவரைக்கும் பறவை குறையுதுன்னு மட்டும்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க, இப்ப எந்தக் கரையில எவ்வளவு மண் அடிச்சு மூடினாங்கன்னு கையில வந்துடுச்சு. 2018-ல சீனா கடலோரத்தை மண் அடிச்சு நிலமாக்கற சாதாரணத் திட்டங்களுக்கு அனுமதி குடுக்கறதை நிறுத்துச்சு, 2019-ல அந்தக் கரையோட சில பகுதிகளும் 2021-ல தென் கொரியா பக்கத்துத் திட்டுகளும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேந்துச்சு. மேப் ஒண்ணே இதையெல்லாம் பண்ணிடுச்சுன்னு நான் சொல்லல, அரசியல் இருக்கு, பல வருஷப் போராட்டம் இருக்கு. ஆனா மேப் இல்லாம இந்தப் பேச்சு இவ்வளவு தூரம் வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்.

சின்னதுகளைப் பத்தி ஒரு வார்த்தை. திட்டம் போடறவங்களுக்கு ஹெக்டேர்தான் கண்ணுல படும், 500 ஹெக்டேர் ஏரி ஒண்ணைக் காப்பாத்தினா கணக்கு அழகா நிக்கும். ஆனா மழைக்கு நிறைஞ்சு சில மாசத்துல வத்திப்போற குட்டைகள்ல மீன் இருக்காது, மீன் இல்லாததாலதான் பல தவளை இனங்கள் அங்க போய் முட்டை போடுது, பெரிய ஏரியில போட்டா தலைப்பிரட்டை மீனுக்குப் போயிடும். ஒரு குட்டை ஒரு வருஷம் வத்திப் போனா பக்கத்துக் குட்டையிலேர்ந்து அடுத்த வருஷம் தவளை வந்து சேரும், குட்டைக்கும் குட்டைக்கும் உள்ள இடைவெளி கூடிக்கிட்டே போனா ஒரு நாள் வராது. இந்த வலையைக் காப்பாத்தணும்னா 2.25 ஹெக்டேருக்குக் கீழ உள்ள புள்ளிகள்தான் முக்கியம், ஆனா அதுக்குத்தான் எல்லை இல்ல. இப்ப ஐரோப்பாவோட சென்டினல் சாட்டிலைட் படங்கள் 10 மீட்டர் பிக்சல்ல இலவசமா வருது, ட்ரோன் இருக்கு, அன்னைக்கு முடியலங்கற காரணம் இன்னைக்கு ஓடாது.

அப்புறம் எல்லையோட முடிஞ்சு போற விஷயம் இல்ல இது. கணக்கெடுப்புன்னா ஒரு பேரும் ஒரு பரப்பளவும் போட்டு முடிச்சிடறாங்க. தண்ணி எங்கிருந்து வருது, எந்த வாய்க்கால் வழியா வருது, எங்க வழிஞ்சு போகுது, எந்த மாசம் வத்தும், நிலம் யார் பேர்ல இருக்கு, மீன் பிடிக்கறது யாரு, கோரை அறுக்கறது யாரு, மேல என்ன கழிவு கலக்குது, இதெல்லாம் இல்லாம காப்பாத்தறதுக்கு எப்படித் திட்டம் போடறது? வரத்து வாய்க்கால் மேல கட்டடம் வந்தாச்சுன்னா எல்லைக்கு உள்ள ஒரு பிடி மண்ணு கூட விழாமயே ஏரி செத்துடும், மேப்ல எல்லை மட்டும் அப்படியே பத்திரமா இருக்கும். இந்தத் தகவல்ல பாதி சாட்டிலைட்ல கிடையாது, அங்க மீன் பிடிக்கறவங்க கிட்டயும் ஆடு மாடு மேய்க்கறவங்க கிட்டயும்தான் இருக்கு. அவங்களை கடைசி நாள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு கையெழுத்து வாங்கறதை விட முதல் நாள் மேப்பை விரிச்சு வச்சு இதுல எது தப்புன்னு கேட்டா போதும், பாதி வேலை முடிஞ்சிடும்.

வெளியிடற விதத்தைப் பத்தியும் எனக்கு ஒரு எரிச்சல் இருக்கு. பல இடத்துல கோடிக்கணக்குல செலவு பண்ணி மேப் தயார் பண்ணிட்டு அதை ஒரு பிடிஎஃப்ல படமா ஒட்டி வெளியிடுவாங்க. பெரிசு பண்ணிப் பாத்தா மங்கிப்போன நீலக் கறை, அது எந்த சர்வே நம்பர்ல வருதுன்னு யாரும் கண்டுபிடிக்க முடியாது. எல்லைக்கோடு டேட்டாவாவே இருக்கற ஷேப்ஃபைலைக் குடுங்கன்னு கேட்டா பாதுகாப்பு, ரகசியம், நில மாஃபியா தப்பாப் பயன்படுத்துவாங்கன்னு பதில். அட, நில மாஃபியாவுக்கு எது ஏரி, எது குட்டைன்னு நல்லாவே தெரியும், தெரியாதது நமக்குத்தான். அரிய பறவை கூடு வைக்கற மரம், ஆமை முட்டை போடற இடம் இதை மறைக்கலாம், அது நியாயம். எல்லையை மறைக்க ஒரு நியாயமும் இல்ல.

இன்னொரு தரப்பு, எண்ணிக்கிட்டே இருந்தா காப்பாத்தறது எப்போன்னு கேக்கும். அவங்க கோபம் எனக்குப் புரியுது, கணக்கெடுப்பு முடியட்டும்னு சொல்லிச் சொல்லியே முடிவைத் தள்ளிப்போடறது நிஜமாவே நடக்குது. அதனாலதான் எல்லாத்தையும் துல்லியமா முடிச்சுட்டுத்தான் வெளிய விடணும்னு நான் சொல்லல. தோராயமான மேப் இந்த வருஷமே வரட்டும், ஆனா ஒவ்வொரு எல்லைக்கோட்டுக்கும் பக்கத்துல அது எந்தத் தேதி படத்துலேர்ந்து வந்தது, ஆள் போய்ப் பாத்தாங்களா இல்லையான்னு இருக்கட்டும். அமெரிக்கால 1970-கள்ல ஆரம்பிச்ச தேசிய ஈரநிலக் கணக்கெடுப்பு இணைய மேப்ல எந்த வருஷப் படத்துலேர்ந்து அந்தக் கோடு வரைஞ்சதுன்னு பாக்கலாம், இது சட்டப்படியான எல்லை கிடையாது, களத்துல பாக்கணும்னும் அவங்களே சொல்லிடறாங்க. யாரும் போகாத பகுதியை வெள்ளையா விடாம கோடு போட்டு சாம்பல் கலர் அடிச்சு, இங்க பாக்கலன்னு எழுதுங்க. அந்த சாம்பல் பகுதியில ஒரு திட்டம் வந்தா முதல் செலவு களச் சர்வேக்குப் போகணும், அதை முடிச்சுக் காட்ட வேண்டியது திட்டக்காரங்க பொறுப்பு. இது பெரிய சட்டத் திருத்தம் எல்லாம் இல்ல, டெண்டர்ல ஒரு வரி சேத்தா போதும்.

2022-ல மாண்ட்ரியல்ல உலக நாடுகள் ஒத்துக்கிட்ட இலக்கு, 2030-க்குள்ள நிலம், உள்நாட்டு நீர், கடல்ல 30 சதவீதத்தைப் பாதுகாக்கறது, சீரழிஞ்சதுல 30 சதவீதத்தை மீட்டெடுக்கும் வேலையில கொண்டு வர்றது. எதுல 30 சதவீதம்? மொத்தம் எவ்வளவுன்னு கீழ போடற நம்பர் தெரியாம சதவீதம் போட முடியாதே. லிஸ்ட் சின்னதா இருந்தா இலக்கு சீக்கிரம் முடிஞ்ச மாதிரி தெரியும்ங்கற ஆபத்தும் இதுல இருக்கு, விட்டுப்போனதைச் சேக்கற நாட்டுக்கு சதவீதம் குறைஞ்சு கெட்ட பேரு, சேக்காம விட்ட நாட்டுக்கு நல்ல பேரு.

கடைசியா உங்க பேப்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஈரநிலம் பத்தி ஒரு நம்பரோ மேப்போ போடறப்ப அதுக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரே ஒரு வரி சேத்துடுங்க, எந்த வருஷப் படம், எந்த மாசம், எவ்வளவு ஹெக்டேருக்குக் கீழ எண்ணாம விட்டாங்க, எத்தனை இடத்துல ஆள் போய்ப் பாத்தாங்க. அறிக்கையில அது இல்லைன்னா இல்லைன்னே போடுங்க. கிரிக்கெட் ஸ்கோர்ல எத்தனை ஓவர்னு போடாம ரன் மட்டும் போட்டா உங்க ஸ்போர்ட்ஸ் டெஸ்க் விடுவாங்களா?

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்